கடைசி ஆணியில் தொங்கிய அட்டை

மாஸ்டருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, இடுப்புதான் நிற்கும். தெருவில் எதிரே வந்து சிரிப்பவரை யாரென்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் கடந்துபோய் முதுகைக் காட்டியதும், "அட, முப்பத்தெட்டு! இடது தோள் அரை இஞ்ச் இறக்கம்!" என்று பிடித்துவிடுவார். இருபத்திரண்டு வருடமாக ஒரே தையல் கடையில், ஒரே மேசைக்கு முன்னால் நின்று பேண்ட்டும் சட்டையும் வெட்டுகிறவர். உட்கார்ந்து தைப்பவர்கள் நாலு பேர். நின்று வெட்டுபவர் இவர் ஒருவர் என்பதால் இவர் மாஸ்டர். வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் மட்டும் 'பெரிய மாஸ்டர்' ஆகிவிடுவார்.

அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"மூச்சை விடுங்க சார். பேண்ட்டுக்குள்ள நீங்கதானே இருக்கப் போறீங்க, உங்க ஆசை இல்லையே? டாக்டர்கிட்ட பொய் சொல்லலாம், வக்கீல்கிட்ட பொய் சொல்லலாம், டேப்கிட்ட சொல்ல முடியாது."

இதை ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லுவார். தைப்பவர்கள் நாலு பேரும் மெஷினை மிதித்துக்கொண்டே அவரோடு சேர்ந்து வாயசைப்பார்கள்.

இப்படி உண்மைக்கே அளவெடுத்துக்கொண்டிருந்தவரிடம் ஒரு பொய் இருந்தது. முக்கால் மணிக்கு ஒரு தடவை சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, "ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்" என்று கிளம்புவார். டீக்கடை கடைக்கு இடது பக்கம். மாஸ்டர் வலது பக்கம் போவார், அங்கே மாடிப்படிக்குப் பின்னால் கக்கூஸ் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக வலது பக்கமே போயும், டீ என்ன அந்தப் பக்கமா விளைகிறது என்று ஒருவர் கேட்கவில்லை. மனிதர்கள் அவரவர் துணியைப் பார்க்கவே நேரம் போதாமல் இருக்கிறார்கள்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே சொட்டும். போய்விட்டு வந்தாலும் சொட்டும், சிரித்தால் சொட்டும், குனிந்து செருப்பு மாட்டினால் சொட்டும். பள்ளிக்கூடத்தில் 'குழாய்' என்று பெயர் வைத்தார்கள். அப்பா அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து, பெல்ட்டைக் கழற்றி வைத்தியம் பார்த்தார். பதினான்கு வயதில் குழாய் ஒரு முடிவுக்கு வந்தான். தன் கால்சட்டையைத் தானே தைத்துக்கொள்கிறவன் அதற்குள் என்ன வேண்டுமானாலும் வைத்துத் தைக்கலாம், எவனும் கேட்க முடியாது. அப்படித்தான் தையலுக்கு வந்தார். மற்றவர்கள் பிழைப்புக்காகத் தொழில் கற்றார்கள், இவர் மானத்துக்காகக் கற்றார்.

கற்றதை வீணாக்கவும் இல்லை. எப்போதும் கறுப்பு, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம். முன்பக்கத்தில் யார் கண்ணுக்கும் தெரியாமல் மூன்று மடிப்பு பருத்தித் துணி. பையில் எந்நேரமும் இன்னொரு பேண்ட். அது எதற்கு என்று கல்யாணமான புதிதில் மனைவி கேட்டபோது, "மாஸ்டரே கசங்கின பேண்ட்டோட நின்னா கடை மானம் என்னாகிறது?" என்றார். அவள் தபால் அலுவலகத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். எதையும் எடை போட்டு முத்திரை குத்திவிட்டுத்தான் நம்புவாள். இதை மட்டும் எடை போடாமல் நம்பி, தன் புருஷன் பெரிய மினுக்கு என்று அக்கா தங்கைகளிடம் பெருமை பேசினாள்.

கடைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் வாடிக்கையாளர்களின் அட்டைகள். ஒவ்வொருவர் உடம்புக்கும் ஏற்ப வெட்டிய பேண்ட் அட்டை, அதன்மேல் அவர் பெயர். கடைசி ஆணியில் தொங்கும் அட்டையில் மட்டும் பெயர் கிடையாது. அது மாஸ்டருடையது. அதில் பின்பக்கக் கோடு வயிறு மாதிரி வளைந்து இறங்காமல், கதவு மாதிரி நேராக இறங்கும். உட்காரும் இடத்தில் அவருக்குச் சதை கிடையாது. வெறும் ஒல்லி என்றுதான் அவர் நினைத்திருந்தார். துணி மிச்சமாகிறதே என்று அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவருடைய ஒரே மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நாலு வயதில், குழாய் ரிப்பேருக்கு வந்த ஆளைப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியதிலிருந்து வீட்டில் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர். மேனேஜருக்கும் சொட்டியது. பள்ளியிலிருந்து ஈரப் பாவாடையோடு வருவாள், படுக்கையும் நனையும், மலச்சிக்கலும் உண்டு. அவள் அம்மா, நம் தபாலம்மா, சும்மா இருப்பாளா? ஒரு பச்சை ஃபைலைப் போட்டு டாக்டர் டாக்டராக ஏறினாள். ஒருவர் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். அடுத்தவர் ஐயையோ என்று கூட்டச் சொன்னார். பூச்சி மருந்து கொடுத்தார்கள். நனைக்காத நாளுக்கு நட்சத்திரம் ஒட்டச் சொன்னார் ஒருவர். மேனேஜர் அந்த நட்சத்திரப் பாக்கெட்டைத் தேடிப்பிடித்து ஒரே நாளில் எல்லா நாளுக்கும் ஒட்டிவிட்டாள். இன்னொரு ஆஸ்பத்திரியில் வயிற்றை எக்ஸ்ரே எடுத்து, "உள்ள பூரா மலம்தான், வேற ஒண்ணுமில்ல" என்று அனுப்பினார்கள். எட்டு டாக்டர்களும் ஒற்றுமையாகச் சொன்னது ஒன்றுதான்: "வளர்ந்தா சரியாயிடும்."

எட்டு பேரும் ஒற்றுமையாகக் கேட்டதும் ஒன்றுதான்: "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல டாக்டர்" என்று தபாலம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, கணவன் பக்கம் திரும்புவாள். மாஸ்டர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "எங்க பக்கமும் இல்ல" என்பார். எட்டு டாக்டர், எட்டு மின்விசிறி, எட்டுப் பொய்.

மகள்மேல் பாசம் இல்லாத ஆளா என்றால், அவள் தும்மினாலே இரண்டு நாள் தூங்காதவர். அவருடைய கணக்கு வேறு. மகளுக்கு வந்திருப்பது வியாதி, அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். தனக்கு இருப்பது வியாதி இல்லை, சோம்பேறித்தனம். அப்பாவே பெல்ட்டால் அடித்துச் சொல்லியிருக்கிறார். சோம்பேறித்தனத்தை எந்த டாக்டர் ஃபைலில் எழுதுவார்? இந்த லட்சணத்தில் ஒரு மனிதன் நாற்பத்தாறு வயது வரை வந்துவிட்டான். எனக்கே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருக்கிறது.

மேனேஜருக்குக் காய்ச்சல் வந்தது. போனது. இரண்டு மாதத்தில் மறுபடி வந்து, நடுக்கி எடுத்து, ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போனது. அங்கேதான் ஒன்பதாவதாக ஒரு சிறுநீரக டாக்டரம்மா வந்தார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இடது பக்கக் கிட்னி வீங்கியிருக்கு. மூத்திரம் முழுசா வெளிய போகாம தேங்கி, திரும்ப மேல ஏறுது. அது ஏன்னு நான் கண்டுபிடிக்கணும். இதே மாதிரி இன்னும் ரெண்டு காய்ச்சல் வந்துச்சுன்னா அந்தக் கிட்னியைக் காப்பாத்துறது கஷ்டம். குடும்பத்துல யாருக்காவது இப்படி இருக்கா?"

மாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். அந்த அறையில் மின்விசிறி இல்லை, ஏசிதான் இருந்தது. ஏசியைப் பார்த்து, "எங்க பக்கம் இல்ல டாக்டர்" என்றார்.

இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

அந்த இரண்டு வாரத்தில்தான் பள்ளிக்கூடத்தில் பாவாடையை நிறுத்தி, எல்லாரும் பேண்ட் போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாஸ்டர் மகளுக்குத் தானே வெட்டி, தானே தைத்தார். போட்டுப் பார்த்த மேனேஜர் கண்ணாடி முன் திரும்பி நின்று, "அப்பா, பின்னாடி ஒரு வீடு கட்டலாம் போலிருக்கு" என்றாள். உண்மைதான், பின்பக்கம் தொளதொளவென்று தொங்கியது. பிரித்துத் தைத்தார். அப்போதும் தொங்கியது. மூன்றாவது தடவையும் பிரித்தபோது கடையில் நாலு மெஷினும் நின்றுவிட்டன.

"மாஸ்டருக்கே அளவு தப்புதா?" என்றார் மூத்த தையல்காரர்.

"துணி சரியில்ல" என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

ரோஷம் தலைக்கேறியது. கடைசி ஆணியிலிருந்து தன் சொந்த அட்டையை எடுத்தார். அதன் கோடுகளை மகளின் இடுப்புக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி சுருக்கி, புதுத் துணியில் சாக்பீஸால் போட்டு வெட்டினார். அன்று மாலையே மேனேஜர் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

மாஸ்டர் வாயில் நாலு குண்டூசியோடு அவள் பின்னால் முழங்காலிட்டு இருந்தார்.

"சூப்பர்ப்பா. இது யாரோட அளவு?" என்றாள் மகள்.

வாயில் ஊசி இருக்கிற மனிதன் என்ன பேசுவான்? "ம்ம்" என்றார்.

"அவருக்கும் என்ன மாதிரி பின்னாடி ஒண்ணும் இல்லையா?"

"ம்ம்."

"அவருக்கும் ஈரமாகுமா?"

மேனேஜர் வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் மாஸ்டர் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். டேப்பை எடுத்து மகளை அளந்தார். தன் அட்டையை அளந்தார். உடம்பில் வேறெதுவும் அவரைக் கொள்ளாத பிள்ளை அவள், முகம், நிறம், நடை எல்லாம் அப்படியே அம்மா. பின்பக்கக் கோடு மட்டும் அப்பா. அந்தக் கோடும் ஈரமும் இந்த இரண்டு பேரிடம் மட்டும் சேர்ந்து இருக்கின்றன. டேப்பிடம் பொய் சொல்ல முடியாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், அதே டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் கக்கத்தில் ஒரு அட்டைச் சுருள் இருந்தது.

"என்ன அது?" என்றாள் மனைவி.

"அட்டை."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு அட்டை? டாக்டருக்கு பேண்ட் தைக்கப் போறீங்களா?"

உள்ளே போனதும் மாஸ்டர் யாரையும் கேட்காமல் டாக்டரம்மாவின் மேசையில் இருந்த காகிதங்களை ஒதுக்கி, முதலில் ஒரு சாதாரண அட்டையை விரித்தார். அதன்மேல் தன் அட்டையை வைத்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவே விரல் வைத்துக் காட்டினார்.

"இது எல்லாருக்கும் இருக்கிற பின்பக்கம் டாக்டர். இது வேற ஒருத்தரோடது. ஒன்றரை இஞ்ச் கம்மி. இதைச் சின்னதாக்கித்தான் பொண்ணுக்கு வெட்டினேன், அப்படியே பொருந்துது."

டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரோடது இது?"

மாஸ்டர் அண்ணாந்து பார்க்கவில்லை.

"என்னோடது. எனக்கும் உண்டு டாக்டர். சின்ன வயசுலேர்ந்து. இன்னிக்கு வரைக்கும்."

தபாலம்மாவின் கையிலிருந்து பச்சை ஃபைல் நழுவி விழுந்தது.

"இன்னிக்கு வரைக்குமா?"

"ஆமா."

"அந்த ரெண்டாவது பேண்ட்?"

"அதுக்குத்தான்."

"முக்கால் மணிக்கு ஒரு டீ?"

"நான் டீயே குடிக்கிறதில்ல."

பதினான்கு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவள் வாயடைத்துப் போனாள். மேனேஜர் மட்டும் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு, "நான் அன்னிக்கே நெனச்சேன்" என்றாள்.

டாக்டரம்மா மகளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குக் கீழே விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். அடுத்து மாஸ்டரைப் படுக்கச் சொன்னார். ஊரின் பின்பக்கங்களையெல்லாம் அளந்தவர் தன் பின்பக்கத்தை முதல்முறையாக இன்னொருவரிடம் காட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இவளுக்கு முன்ன ஒரு எக்ஸ்ரே எடுத்ததா ஃபைல்ல இருக்கே, படம் எங்க?"

தபாலம்மாவுக்குக் குரல் திரும்பி வந்தது. "அந்த ஆஸ்பத்திரிக்காரங்க தொலைச்சிட்டாங்க டாக்டர்! மூணு ரிஜிஸ்டர் தபால் போட்டேன். எங்ககிட்ட கொடுத்தாச்சுன்னு வாய் கூசாம பதில் எழுதுறாங்க!"

மாஸ்டர் செருமினார்.

"அது கடையில இருக்கு."

"எந்தக் கடையில?"

"எங்க கடையிலதான். நல்ல கெட்டியான ஃபிலிம் அது. காகித அட்டை மாதிரி ஓரம் தேயாது. தொழில்ல எல்லாரும் பழைய எக்ஸ்ரேல தான்... அளவு வெட்டி வச்சுப்போம்."

முதல் பொய்யைக் கேட்டு வாயடைத்தவள், இரண்டாவதைக் கேட்டதும் வெளுத்து வாங்கிவிட்டாள். நாற்பது வருட ரகசியத்தை மன்னித்தாலும் மன்னிப்பாளாம், மூன்று ரிஜிஸ்டர் தபாலை மன்னிக்க மாட்டாளாம். வாசலில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். திட்டு முடியுமுன்பே பெரிய மாஸ்டர் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது கையில் மூன்று துண்டுகள் இருந்தன. ஒரு காலர், ஒரு கைப்பட்டி, ஒரு சட்டைப்பை மூடி. மூன்றிலும் நாலு வருடச் சாக்பீஸ் தூள். டாக்டரம்மா தன் கைக்குட்டையால் துடைத்து வெளிச்சப் பலகையில் ஒவ்வொன்றாகச் செருகினார். காலரில் விலா எலும்பு தெரிந்தது. கைப்பட்டியில் இடுப்பெலும்பின் ஓரம். பை மூடியில் முதுகெலும்பின் அடிப்பாகம் முழுசாக இருந்தது. நடுவே வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக மலமும் காற்றும்.

"இங்க அஞ்சு எலும்பு ஒண்ணா சேர்ந்து ஒரு கேடயம் மாதிரி இருக்கணும்" என்று பேனா முனையால் எண்ணினார் டாக்டரம்மா. "ஒண்ணு. ரெண்டு. அவ்வளவுதான். மிச்சம் இல்ல. கருவுல உருவாகும்போதே உருவாகல. அந்த எலும்பு இல்லைன்னா, அது வழியா மூத்திரப்பைக்குப் போற நரம்பும் சரியா இருக்காது. பை நிறைஞ்சது தெரியாது, முழுசா காலியும் ஆகாது. நாலு வருஷம் முன்னயே படத்துல இருக்கு. வயித்துல மலம் இருக்கான்னு மட்டும் பார்த்திருக்காங்க. எலும்பை எண்ணல. யாருமே பார்க்காம விட்டுட்டாங்க."

"இவர் பார்த்திருக்காரு டாக்டர்" என்றாள் தபாலம்மா. "தினமும்."

அதுவும் உண்மைதான். நாலு வருடமாக அந்தப் பை மூடியை வைத்துத்தான் ஊரில் பாதிப் பேரின் சட்டைப்பைக்குக் கோடு போட்டிருந்தார்.

டாக்டரம்மா மேனேஜர் பக்கம் குனிந்தார். "நல்லா கேட்டுக்கோ. இது உன் தப்பு இல்ல. சோம்பேறித்தனமும் இல்ல. நீ எவ்வளவு முயற்சி பண்ணியிருந்தாலும் அடக்கியிருக்க முடியாது."

மேனேஜர் சரி என்று தலையாட்டினாள். அழுதது மாஸ்டர். விசும்பலோடு ஆரம்பித்து, பிறகு அடக்க முடியாமல், அந்த ஏசி அறையில் நாற்பத்தாறு வயது மனிதர் பெல்ட்டடி வாங்கிய பிள்ளை மாதிரி அழுதார். அது மகளுக்குச் சொன்ன வார்த்தைதான். ஆனால் அவருக்கு அதை இதுவரை யாரும் சொன்னதில்லை. அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த தபாலம்மா தன் சேலைத் தலைப்பை அவர் கையில் கொடுத்தாள்.

பக்கவாட்டு எக்ஸ்ரேயும் பெரிய ஸ்கேனும் இருவருக்கும் எடுத்தார்கள். டாக்டரம்மா சொன்னது சரியாக இருந்தது. மகளுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மெல்லிய ட்யூபை விட்டுப் பையை முழுசாகக் காலி செய்ய வேண்டும், தவறாமல் செய்தால் இடது கிட்னி பிழைத்துக்கொள்ளும். மாஸ்டருக்கும் அதே ட்யூப். ஆனால் அவருடைய ஒரு கிட்னி எப்போதோ சுருங்கி, வேலையை நிறுத்திவிட்டிருந்தது.

"எப்ப போச்சுன்னு சொல்ல முடியாது. யாராவது சின்ன வயசுலயே பார்த்திருந்தா..." என்று டாக்டரம்மா இழுத்தார்.

"அவளோடது?"

"ரெண்டும் இருக்கு. சரியான நேரத்துல வந்தீங்க."

"அப்ப சரி" என்றார் மாஸ்டர்.

வெளியே வந்து படியிறங்கும்போது, எட்டு தடவை, ஏசியோடு சேர்த்து ஒன்பது தடவை என்று தனக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு தடவை முந்திச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு காய்ச்சலும் அவளுக்கு வந்திருக்காது. அந்தக் குத்தல் அவரைவிட்டுப் போகவில்லை, இன்றுவரை போகவில்லை.

ட்யூப் வேலையை மேனேஜர் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள், மாஸ்டருக்கு மூன்று வாரம் பிடித்தது. அவள் ஒரு நோட்டில் இரண்டு கட்டம் போட்டு, இரண்டு பேருக்கும் நேரம் குறித்து, முடித்ததும் 'டிக்' போட ஆரம்பித்தாள். நட்சத்திரம் ஒட்ட மாட்டாளாம், அது ஏமாற்று வேலையாம்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவள் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் ஒரு கான்ட்ராக்டருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"அப்பா, மணி பன்னெண்டு" என்றாள் மேனேஜர்.

மாஸ்டர் சாக்பீஸைக் காதில் செருகினார். "சார், ஒரு நிமிஷம், ஒரு டீ..."

மகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"டீ இல்ல சார்" என்றார் மாஸ்டர். "மூத்திரம் எடுத்துட்டு வரேன். எனக்குப் பிறவியிலயே கீழ்முதுகுல எலும்பு கொஞ்சம் இல்ல, தானா முழுசா போகாது. ட்யூப் வச்சு எடுக்கணும். எனக்கும், என் பொண்ணுக்கும்."

நாலு மெஷினும் நின்றன. மூத்த தையல்காரர் ஊசியில் நூல் கோக்கப்போன கையை அப்படியே வைத்திருந்தார். கான்ட்ராக்டர் யோசித்துவிட்டு, "எவ்வளவு நேரமாகும்?" என்றார்.

"பத்து நிமிஷம்."

"அதுவரைக்கும் கையை இறக்கிக்கலாமா?"

"தாராளமா இறக்கிக்கங்க சார்."

மாஸ்டர் வலது பக்கம் போனார். அவர் போனதும் மேனேஜர் முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, கடைசி ஆணியிலிருந்த அட்டையை எடுத்தாள். மேசைமேல் வைத்து அதில் பெரிய எழுத்தில் 'அப்பா' என்று எழுதினாள். அதற்குக் கீழே 'நான்' என்று எழுதினாள். பிறகு அதைக் கடைசி ஆணியில் மாட்டாமல், வாசலில் நுழைகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முதல் ஆணியில் மாட்டினாள்.

மாஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். முதல் ஆணியைப் பார்த்தார். கடை முழுக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எழுத்து கோணலா இருக்கு" என்றார்.

"எடுத்துடவா?"

"வேணாம், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு கான்ட்ராக்டர் பக்கம் திரும்பினார். "மூச்சை விடுங்க சார்."